கரியமில வாயுவிலிருந்து எரிபொருள்: உலோகத்தின் வேலை எது, மின்சாரத்தின் வேலை எது?

கேள்வி இது: "கரியமில வாயுவை, அதாவது கார்பன் டை ஆக்சைடை, செம்பு, நிக்கல் போன்ற உலோக வினையூக்கிகளால் மெத்தனால், மீத்தேன் என்று எரிபொருளாக மாற்றிவிடலாம் என்கிறார்கள். உண்மையா? உண்மையென்றால் ஏன் இன்னும் பரவலாக நடக்கவில்லை? இருப்பதிலேயே நல்ல உலோகம் எது? கல்லூரிப் புராஜெக்டாக இதை எடுத்துச் செய்ய முடியுமா?"

உண்மைதான். புதிதும் இல்லை. பிரான்சின் துலூஸ் நகரில் பால் சபாத்தியேவும் அவருடன் வேலை செய்த சாந்தரானும் 1902இலேயே கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் சூடான நிக்கல் தூள்மீது செலுத்தி மீத்தேன் எடுத்துக் காட்டிவிட்டார்கள். நுண்ணிய உலோகத் தூளை வினையூக்கியாக்கிய வேலைக்காக 1912இல் சபாத்தியேவுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆக, 'முடியுமா' என்பதற்கு நூற்றிருபது வருடத்துக்கு முன்பே விடை வந்துவிட்டது. மிச்சம் இருக்கும் கேள்விகள் வேறு. ஆற்றலை யார் கொடுப்பது? நாம் கேட்கும் பொருள் மட்டும் வருமா? எத்தனை மணி நேரம் ஓடும்? செய்திகளில் பெரும்பாலும் இந்த மூன்றும்தான் விடுபட்டுப் போகின்றன. மின்வேதியியல் ஆய்வகத்தில் பல வருடம் செம்புத் தகடுகளோடு மல்லுக்கட்டியவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆற்றல். விறகுக்குச் சாம்பல் எப்படியோ, கார்பனுக்குக் கரியமில வாயு அப்படி. எரிந்து முடிந்த பொருள். 32 கிராம் மெத்தனால் எரிந்தால் 726 கிலோஜூல் வெப்பம் வெளியேறுகிறது, கூடவே 44 கிராம் கரியமில வாயு வருகிறது. அந்த 44 கிராமை மறுபடி மெத்தனாலாக்க வேண்டுமென்றால், வெளியேறிய அந்த 726 கிலோஜூலை எங்கிருந்தாவது கொண்டுவந்து போட்டாக வேண்டும். நடைமுறையில் அதைவிடக் கூடவே ஆகும்.

எந்த வினையூக்கியாலும் இந்தக் கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது. ஒரு மலைக்கு இந்தப் பக்கம் தாழ்வான ஊர், அந்தப் பக்கம் மேட்டில் இன்னோர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வினையூக்கி செய்வது நடுவில் ஒரு கணவாயைக் காட்டுவது. சிகரம்வரை ஏறி இறங்க வேண்டிய பாடு மிச்சமாகும். ஆனால் அந்த ஊர் மேட்டில்தான் இருக்கிறது. அந்த ஏற்றத்தை ஏறித்தான் தீர வேண்டும். "புதிய வினையூக்கி கண்டுபிடிப்பு, இனி காற்றிலிருந்து இலவச எரிபொருள்" என்று எங்காவது பார்த்தால், எழுதியவர் கணவாயையும் ஊரின் உயரத்தையும் குழப்பிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அந்தக் கணவாய் எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரியமில வாயு மூலக்கூறில் நடுவில் கார்பன், இரு பக்கமும் ஆக்சிஜன், மூன்றும் ஒரே நேர்கோட்டில். அதற்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தால் அது வளைந்தாக வேண்டும். அந்த வளைவு அதற்குப் பெரும் சிரமம். தனியாக மிதக்கும் மூலக்கூறுக்குள் முதல் எலக்ட்ரானைத் திணிக்க, மின்னழுத்தத்தை அளக்கப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளும் திட்ட ஹைட்ரஜன் மின்முனையோடு ஒப்பிட்டு, சுமார் −1.9 வோல்ட் வேண்டும். அதே அளவுகோலில், நடுநிலையான தண்ணீரில், எட்டு எலக்ட்ரான் கொடுத்து மீத்தேன்வரை கொண்டுபோகக் கோட்பாட்டின்படி −0.24 வோல்ட் போதும். முழுப் பயணத்துக்கு ஆகும் விலையைவிட முதல் படியின் விலை பல மடங்கு. உலோகப் பரப்பு உதவுவது இந்த இடத்தில்தான்: வளையும் மூலக்கூறைக் கார்பன் பக்கமோ ஆக்சிஜன் பக்கமோ பிடித்துத் தாங்கிக்கொள்கிறது. எந்தப் பக்கம் பிடிக்கிறது, எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதை வைத்தே என்ன பொருள் வெளியே வரும் என்பது முடிவாகிறது.

இறுக்கம் என்றேன் அல்லவா, அதற்கு சபாத்தியேவின் பெயரிலேயே ஒரு கொள்கை இருக்கிறது. லேசாகப் பிடித்தால் மூலக்கூறு வினை நடக்கும் முன்பே நழுவிவிடும். அழுத்திப் பிடித்தால் வினை முடிந்தபின்னும் விடாது, அடுத்ததற்கு இடம் கிடைக்காது. நடுத்தரமாகப் பிடிப்பதே நல்ல வினையூக்கி. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் இந்தத் துறையில் நடக்கும் வேலையில் பாதி இந்த நடுத்தரத்தைத் தேடுவதுதான்.

சரி, வழிகள் என்று பார்த்தால் பெரியதாக இரண்டு. ஒன்று வெப்ப வழி: ஹைட்ரஜனைத் தனியாகத் தயாரித்து, கரியமில வாயுவோடு கலந்து, சூடான உலோகப் பரப்பில் செலுத்துவது. இன்னொன்று மின்வழி: தண்ணீரையும் கரியமில வாயுவையும் ஒரே மின்வேதிச் செல்லில் வைத்து மின்சாரத்தால் நேரடியாக மாற்றுவது. இன்றைக்குத் தொழிற்சாலை அளவில் எரிபொருள் தருவது முதல் வழிதான். ஆராய்ச்சிக் கட்டுரைகள் குவிவது இரண்டாவதில்.

வெப்ப வழியில் மீத்தேனுக்கு நிக்கல். 300 முதல் 400 டிகிரி செல்சியஸில் ஒரு கரியமில வாயு மூலக்கூறும் நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறும் சேர்ந்து ஒரு மீத்தேனும் இரண்டு தண்ணீரும் ஆகின்றன. 44 கிராம் கரியமில வாயுவுக்கு 165 கிலோஜூல் வெப்பம் வெளியே வருகிறது. ஏறுவதற்கான ஆற்றலை இங்கே ஹைட்ரஜனே கொண்டுவந்துவிடுகிறது. வெப்பம் வருவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த வெப்பத்தை உடனுக்குடன் வெளியே எடுக்காவிட்டால் நிக்கல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, பரப்பளவு குறைந்து, வினையூக்கி செத்துப்போகும். வெப்பம் மிகவும் ஏறினால் வினையே பின்னோக்கித் திரும்பும். அதனால் இந்த உலைகளை வடிவமைப்பவர்களுக்கு முக்கியமான தலைவலி குளிர்விப்பதுதான். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2010 முதல் இதே சபாத்தியே வினையைப் பயன்படுத்தி, வீரர்கள் வெளிவிடும் மூச்சிலிருந்து தண்ணீரை மீட்டார்கள். அங்கே தேவைப்பட்டது தண்ணீர். மீத்தேனை வெளியே விட்டுவிட்டார்கள். எது விலைமதிப்பானது என்பது இடத்தைப் பொறுத்து மாறுகிறது.

மெத்தனாலுக்குச் செம்பு. ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் 1923இல் துத்தநாக–குரோமிய ஆக்சைடை வைத்து, இருநூற்றைம்பது மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே போய் மெத்தனால் தயாரித்தது. 1966இல் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா கலந்த வினையூக்கியைக் கொண்டுவந்தது. அழுத்தம் 50 முதல் 100 மடங்காகவும் வெப்பம் 200 முதல் 300 டிகிரியாகவும் இறங்கின. இன்றுவரை உலகின் மெத்தனாலில் பெரும்பகுதி இதே குடும்பத்து வினையூக்கியில்தான் பிறக்கிறது. அந்த ஆலைகளுக்குள் போவது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கொஞ்சம் கரியமில வாயுவும் சேர்ந்த கலவை. மெத்தனாலுக்குக் கார்பன் மோனாக்சைடிலிருந்துதான் கார்பன் போகிறது என்று பலர் நம்பியிருந்தார்கள். 1980களில் கதிரியக்கக் கார்பனால் குறியிட்டுப் பார்த்தபோது, மெத்தனாலில் போய்ச் சேரும் கார்பன் பெரும்பாலும் அந்தக் 'கொஞ்சம்' கரியமில வாயுவிலிருந்து வருவது தெரிந்தது. பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஆலைகள், தெரியாமலேயே கரியமில வாயுவை மெத்தனாலாக்கிக்கொண்டிருந்தன! இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

செம்புக்கு ஒரு பலவீனம் உண்டு. அது உருகுவது 1085 டிகிரியில். ஆனால் உலோக அணுக்கள் உருகுநிலைக்கு வெகு முன்பே நகர ஆரம்பித்துவிடும். கெல்வின் கணக்கில் உருகுநிலையில் பாதி என்றால் செம்புக்குச் சுமார் 400 டிகிரி. அதற்குப் பக்கத்தில் போனால் நுண்துகள்கள் கலந்து பெருத்துவிடும். 300 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது இதனால்தான். வினையில் பிறக்கும் தண்ணீரும் இந்தப் பெருக்கத்தை வேகப்படுத்தும். கரியமில வாயுவை மட்டுமே ஊட்டினால் தண்ணீர் இன்னும் அதிகம். கந்தகமோ நஞ்சு. நிலக்கரி ஆலையின் புகைபோக்கியிலிருந்து வரும் வாயுவை அப்படியே உள்ளே விட்டால் செம்பு விரைவில் படுத்துவிடும். 'புகையிலிருந்து எரிபொருள்' என்ற தலைப்புக்குப் பின்னால் பெரிய சுத்திகரிப்புப் பிரிவு ஒன்று எப்போதும் இருக்கிறது.

இப்போது கணக்கு இடிக்கும் இடத்துக்கு வருகிறேன்: ஹைட்ரஜன். உலகில் இன்று பெருமளவு ஹைட்ரஜன் இயற்கை எரிவாயுவையும் நிலக்கரியையும் உடைத்துத்தான் வருகிறது. எரிவாயு வழியில் 1 கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அந்த 1 கிலோவைக் கொண்டு மீத்தேன் செய்தால் எவ்வளவு கரியமில வாயு உள்ளே போகும்? 8 கிராம் ஹைட்ரஜனுக்கு 44 கிராம், ஆகவே 5.5 கிலோ. மெத்தனாலுக்கு 6 கிராமுக்கு 44 கிராம், அதாவது 7.3 கிலோ. பிடிப்பதைவிட விடுவது அதிகம். வினையூக்கி நூற்றுக்கு நூறு வேலை செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஹைட்ரஜன் சூரியன், காற்று, நீர், புவிவெப்பம், அணு என்று கரியற்ற மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து வந்தால் மட்டுமே இந்த வேலைக்குப் பொருள் உண்டு.

ஐஸ்லாந்தில் ஸ்வார்ட்ஸெங்கி புவிவெப்ப மின்நிலையத்துக்குப் பக்கத்தில் 2012இல் இயங்கத் தொடங்கிய ஆலை இதற்கு நல்ல உதாரணம். மெத்தனாலைப் பெட்ரோலுக்கு மாற்றாகப் பல வருடம் முன்மொழிந்த நோபல் வேதியியலாளர் ஜார்ஜ் ஓலாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். புவிவெப்பக் கிணற்றிலிருந்து வரும் கரியமில வாயு, அங்கேயே கிடைக்கும் மின்சாரம், வருடத்துக்கு 4,000 டன் மெத்தனால் திறன். அதே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் சீனாவின் ஆன்யாங்கில் 2022இல் வந்த ஆலை வருடத்துக்கு 1,10,000 டன் திறன் கொண்டது. அங்கே ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து வரவில்லை; நிலக்கரியைக் கோக்காக்கும்போது கிளம்பும் கோக் அடுப்பு வாயுவிலிருந்து வருகிறது. இரண்டுமே 'கரியமில வாயுவிலிருந்து மெத்தனால்' ஆலைகள்தான். ஆனால் ஹைட்ரஜன் எங்கிருந்து என்று கேட்காமல் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அப்புறம் மின்வழி. இங்கே உலோகங்களின் குணம் பச்சையாகத் தெரியும் என்பதால்தான் எனக்கு இதன்மேல் இத்தனை ஈடுபாடு. கரியமில வாயுவை மின்சாரத்தால் ஃபார்மிக் அமிலமாக்கலாம் என்பது 1870இலேயே பிரான்சில் பதிவாகியிருக்கிறது. ஆனால் உலோகங்களை வரிசையாக வைத்து, வாயு, திரவம் இரண்டையும் கவனமாக அளந்து, ஒரு வரைபடம்போல நமக்குத் தந்தவர் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தின் யோஷியோ ஹோரி. அவருடைய 1985ஆம் ஆண்டுக் கட்டுரைதான் இன்றைய மின்வழி ஆராய்ச்சிக்கு வித்து. அவருடைய குழு கண்டதைச் சுருக்கினால் இப்படி: தங்கம், வெள்ளி, துத்தநாகம் ஆகியவை கார்பன் மோனாக்சைடு தருகின்றன. வெள்ளீயம், ஈயம், இண்டியம், பாதரசம் ஆகியவை ஃபார்மேட், அதாவது ஃபார்மிக் அமிலத்தின் உப்பு வடிவம், தருகின்றன. நிக்கல், இரும்பு, பிளாட்டினம் ஆகியவை கரியமில வாயுவைச் சீண்டாமல் தண்ணீரை உடைத்து ஹைட்ரஜன் தருகின்றன. செம்பு மட்டும் தனி வகுப்பு: மீத்தேன், எத்திலீன், எத்தனால் என்று ஹைட்ரோகார்பன்களும் ஆல்கஹால்களும் அதிலிருந்து கணிசமாக வருகின்றன.

நிக்கலைக் கவனித்தீர்களா? வெப்ப வழியில் மீத்தேனின் ராஜாவாக இருந்த அதே நிக்கல் இங்கே ஹைட்ரஜன் மட்டும் தருகிறது. காரணம் பிடிமானம்தான். அறை வெப்பநிலையில் நிக்கல் கார்பன் மோனாக்சைடைப் பிடித்தால் விடுவதில்லை. பரப்பு முழுக்க அதுவே அடைத்துக்கொள்கிறது. 300 டிகிரியில் அந்தப் பிடி தளர்ந்து, மூலக்கூறு உடைந்து, ஹைட்ரஜனோடு சேர முடிகிறது. ஆகவே "எது நல்ல உலோகம்" என்ற கேள்விக்கு எந்த வெப்பத்தில், எந்தச் சூழலில், எந்தப் பொருளுக்கு என்று சேர்த்துச் சொல்லாமல் பதிலே கிடையாது.

வெள்ளியும் தங்கமும் கார்பன் மோனாக்சைடை லேசாகப் பிடிக்கின்றன. உருவானதும் அது பறந்துவிடுகிறது. வெள்ளீயமும் பிஸ்மத்தும் மூலக்கூறை ஆக்சிஜன் பக்கமாகப் பிடிக்க விரும்புவதால் கார்பனில் ஹைட்ரஜன் ஏறி ஃபார்மேட் ஆகிறது. செம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: கார்பன் மோனாக்சைடை அடுத்த படிவரை தக்கவைக்கும், ஆனால் அடைத்துக்கொள்ளாது. கூடவே ஹைட்ரஜனை அவ்வளவாகப் பிடிக்காது. இந்த இரண்டு குணமும் சேர்ந்து அமைந்த தனி உலோகம் செம்பு ஒன்றுதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்தால் கார்பனும் கார்பனும் இணைந்து எத்திலீன் பக்கம் போகிறது. தனித்தனியே ஹைட்ரஜன் ஏறினால் மீத்தேன். அணுக்கள் சதுரமாக அடுக்கிய படிக முகத்தில் எத்திலீனும், முக்கோணமாக நெருக்கி அடுக்கிய முகத்தில் மீத்தேனும் அதிகம் வருகின்றன. உலோகம் அதேதான், அடுக்கு மட்டும் வேறு. அதற்கே பொருள் மாறிவிடுகிறது.

செம்பின் இந்தப் பெருமையே அதன் சங்கடமும். 2012இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழு செம்புத் தகட்டிலிருந்து வரும் பொருள்களை நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தபோது 16 வகை கிடைத்தன. எரிபொருள் வேண்டும் என்று போனால் பதினாறு பொருள்களின் கூட்டு கையில் வருகிறது. பிரித்தெடுக்கவே தனி ஆற்றல் செலவு. மின்னழுத்தமும் வீணாகிறது. தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் மறுமுனையையும் சேர்த்தால் எத்திலீனுக்குக் கோட்பாட்டளவில் சுமார் 1.15 வோல்ட் போதும். வேகமாக ஓடும் செல்கள் 3 வோல்ட்டுக்கு மேல் கேட்கின்றன. மீதி வெப்பமாகப் போகிறது.

கிட்டத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பளபளவென்று தேய்த்து, அமிலத்தில் மெருகேற்றிய செம்புத் தகட்டைக் கரியமில வாயு நிறைந்த பைகார்பனேட் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்தால், பரப்பில் ஊசிமுனைக் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பும். அந்த வாயுவை, கலவையைப் பிரித்து அளக்கும் கருவியான குரோமேட்டோகிராஃபில் ஏற்றினால் மீத்தேனுக்கும் எத்திலீனுக்கும் தனித்தனி முகடு எழும்பும். முதல் தடவை அந்த எத்திலீன் முகட்டைத் திரையில் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் சில நாள்களில் முகடுகள் சிறுத்து, ஹைட்ரஜன் மட்டும் ஏறிக்கொண்டே போனது. தகட்டை மாற்றினோம், உப்பை மாற்றினோம், தண்ணீரை மாற்றினோம். ஒரு மாதம் போனது. கடைசியில் தகட்டின் பரப்பைப் பகுப்பாய்வு செய்தபோது பிளாட்டினம் இருந்தது. மறுமுனையாக வைத்திருந்த பிளாட்டினக் கம்பி துளித்துளியாகக் கரைந்து, கரைசல் வழியாக வந்து, செம்பின்மேல் படிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு. அதுவே செம்பின் குணத்தை மாற்றிவிட்டது. மறுமுனைக்குக் கிராஃபைட்டும் நடுவே நல்ல சவ்வும் வைத்ததும் எத்திலீன் திரும்பி வந்தது. கரைசலில் மிகச் சொற்பமாக இருக்கும் உலோக மாசுகளே செம்பை முடக்கிவிடும் என்று ஹோரியும் எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்தும்தான் இது நடந்தது.

கரைதிறனும் ஒரு முட்டுக்கட்டை. அறை வெப்பநிலையில் 1 லிட்டர் தண்ணீரில் சுமார் ஒன்றரை கிராம் கரியமில வாயுதான் கரையும். தகட்டைக் கரைசலில் முக்கி வைக்கும் செல்லில், மூலக்கூறு வந்து சேரும் வேகமே தடையாகிவிடும்; ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில பத்து மில்லிஆம்பியரோடு நின்றுவிடும். தொழிலுக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். இதற்குத் தீர்வு, வாயு ஊடுருவும் துளைகள் கொண்ட மின்முனை: ஒரு பக்கம் வாயு, மறுபக்கம் கரைசல், நடுவில் மெல்லிய வினையூக்கிப் படலம். இதனால் மின்னோட்டம் பல மடங்கு ஏறியது. ஆனால் இன்னொரு கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது.

ஒரு எத்திலீன் மூலக்கூறு உருவாக இரண்டு கரியமில வாயுவும் பன்னிரண்டு எலக்ட்ரானும் வேண்டும். கூடவே பன்னிரண்டு ஹைட்ராக்சைடு அயனிகள் பிறக்கின்றன. இரண்டு ஹைட்ராக்சைடு ஒரு கரியமில வாயுவைப் பிடித்துக் கார்பனேட் ஆக்கிவிடும். ஆக, பன்னிரண்டுக்கு ஆறு போய்விட்டது. எட்டு மூலக்கூறு உள்ளே விட்டால் இரண்டுதான் எத்திலீன், 25 சதவீதம். கார்பன் மோனாக்சைடுக்கு இதே கணக்கில் 50 சதவீதம். நடுநிலையான, காரமான செல்களில் இது மேல்வரம்பு. எவ்வளவு நல்ல செம்பாக இருந்தாலும் தாண்ட முடியாது. கார்பனேட் உப்பாகப் படிந்து துளைகளை அடைப்பது கூடுதல் தொல்லை. மிகச் சிறப்பாக ஓடும் செல் சில மணி நேரத்தில் வெள்ளை உப்புப் பூத்து நிற்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். இதைத் தவிர்க்க அமிலக் கரைசலில் செய்து பார்க்கிறார்கள். இன்னொரு வழி, வேலையை இரண்டாகப் பிரிப்பது: முதலில் சூடான பீங்கான் செல்லில் கார்பன் மோனாக்சைடாக்கி, பிறகு அதைச் செம்பில் எத்திலீனாக்குவது. கார்பன் மோனாக்சைடு ஹைட்ராக்சைடோடு அப்படிச் சேராது என்பதால் கார்பனேட் பிரச்சினை அங்கே இல்லை. என் கணிப்பில் இரண்டாவது வழிக்கு எதிர்காலம் அதிகம்.

அந்தப் பீங்கான் செல் ஒன்று செவ்வாய்க் கிரகத்திலேயே ஓடியிருக்கிறது. நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி கருவி 2021 ஏப்ரல் 20 அன்று, சுமார் 800 டிகிரியில், செவ்வாயின் கரியமில வாயுவைக் கார்பன் மோனாக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து 5.4 கிராம் ஆக்சிஜன் எடுத்தது. 2023இல் நிறுத்தும்வரை 16 முறை ஓடி மொத்தம் 122 கிராம்.

சூரிய ஒளியை நேரடியாக வைத்துச் செய்யும் ஒளிவினையூக்கம் பற்றியும் கேட்பீர்கள். டைட்டேனியம் டை ஆக்சைடு போன்ற தூள்களில் கரியமில வாயு குறைவதை 1979இலேயே ஜப்பானில் காட்டியிருக்கிறார்கள். அழகான அறிவியல். ஆனால் விளைச்சல் இன்னும் மிகக் குறைவு. சூரியத் தகட்டில் மின்சாரம் எடுத்து மேலே சொன்ன வழிகளில் போவதே இன்று மேல்.

இனி முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 1 கிலோ மெத்தனாலுக்கு 1.375 கிலோ கரியமில வாயுவும் 0.19 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். தண்ணீரைப் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம். ஆக ஹைட்ரஜனுக்கே சுமார் 10 யூனிட். வாயுவைப் பிடிக்கவும் அழுத்தவும் ஆவது தனி. அந்த 1 கிலோ மெத்தனாலில் எரிக்கக் கிடைக்கும் ஆற்றல் 5.5 யூனிட். அதைக் கார் எஞ்சினில் எரித்தால் சக்கரத்துக்குப் போவது ஒன்றரை யூனிட் அளவுதான். அதே 10 யூனிட்டை மின்காரின் பேட்டரியில் ஏற்றினால் ஏழுக்கு மேல் சக்கரத்துக்குப் போகும். அதனால் சாலை வாகனங்களுக்கு இது சரியான வழி என்று நான் நினைக்கவில்லை. பேட்டரியின் எடையைச் சுமக்க முடியாத நெடுந்தூர விமானம், வாரக்கணக்கில் கடலில் இருக்கும் கப்பல், கார்பன் இல்லாமல் செய்யவே முடியாத பிளாஸ்டிக், மருந்து, சாயம் போன்ற வேதிப்பொருள்கள்: இவற்றுக்குத்தான் இந்த 10 யூனிட்டைக் கொடுப்பது நியாயம்.

அளவையும் பாருங்கள். உலகம் வருடத்துக்குத் தயாரிக்கும் மெத்தனால் சுமார் 11 கோடி டன். அத்தனையையும் கரியமில வாயுவிலிருந்தே செய்தாலும் உள்ளே போவது 15 கோடி டன். புதைபடிவ எரிபொருளால் வருடத்துக்கு வெளியேறுவது சுமார் 3,700 கோடி டன். அரை சதவீதம்கூட வரவில்லை. அதுவும் அந்த மெத்தனால் எரிந்தால் கரியமில வாயு மறுபடி காற்றுக்கே போகும். நிலத்துக்கடியிலிருந்து புதிதாக ஒன்றை எடுக்காமல் விடுகிறோம் என்பதுதான் லாபம். 'ஏன் பரவலாக நடக்கவில்லை' என்பதற்கு என் பதில் இதுதான்: தடையாக நிற்பது உலோகம் இல்லை, கரியற்ற மின்சாரமும் ஹைட்ரஜனும் மலிவாகக் கிடைக்காததுதான். அவை மலிவான இடங்களில் ஆலைகள் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கின்றன.

புராஜெக்ட் விஷயத்துக்கு வருகிறேன். தாராளமாகச் செய்யலாம், ஆனால் செம்பில் தொடங்க வேண்டாம். பதினாறு பொருளை அளக்கும் வசதி உங்களிடம் இருக்காது. வெள்ளியிலும் தொடங்க வேண்டாம். வருவது கார்பன் மோனாக்சைடு, மணமில்லாத நஞ்சு. வாயு உறிஞ்சும் கூண்டும் உணர்கருவியும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. வெள்ளீயம் அல்லது பிஸ்மத் எடுங்கள். ஃபார்மேட் கரைசலிலேயே தங்கும், ஓடாது. 0.5 மோலார் பொட்டாசியம் பைகார்பனேட், நடுவே சவ்வு, மறுமுனைக்குக் கிராஃபைட். பிளாட்டினம் வேண்டாம், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். 10 மில்லிஆம்பியரில் 1 மணி நேரம் ஓட்டினால் 36 கூலும் மின்சாரம் போயிருக்கும். ஃபார்மேட்டுக்கு இரண்டு எலக்ட்ரான் என்பதால், அத்தனையும் அதற்கே போயிருந்தால் 8.4 மில்லிகிராம் வர வேண்டும். 7.5 மில்லிகிராம் அளந்தால் உங்கள் ஃபாரடே திறன், அதாவது கொடுத்த மின்சாரத்தில் வேண்டிய பொருளுக்குப் போன பங்கு, கிட்டத்தட்ட 90 சதவீதம். நல்ல பிஸ்மத் அதைத் தரும்.

எந்தக் கட்டுரையைப் படித்தாலும் இந்தத் திறனோடு மின்னோட்ட அடர்த்தி (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு மின்னோட்டம்), ஓடிய மணி நேரம், உள்ளே விட்டதில் மாறிய பங்கு, இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள். 95 சதவீதத் திறன் என்று எழுதியிருக்கும். 2 மில்லிஆம்பியரில் 20 நிமிடமாக இருக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். முதல் ஓட்டத்தைக் கரியமில வாயுவில் தொடங்காதீர்கள். தகடு, சவ்வு, மின்னோட்டம் எல்லாம் அப்படியே வைத்து, பைகார்பனேட்டுக்குப் பதில் கார்பன் இல்லாத உப்பு, வாயுவுக்குப் பதில் ஆர்கான். அந்த ஓட்டத்திலும் ஃபார்மேட் வந்தால் அது உங்கள் சவ்விலிருந்தோ, பாட்டிலைக் கழுவிய கரைப்பானிலிருந்தோ, பசையிலிருந்தோ வருகிறது. வசதி கிடைத்தால் கார்பன்-13 குறியிட்ட வாயுவில் ஒரு முறை ஓட்டி, வந்த ஃபார்மேட்டிலும் கார்பன்-13 இருக்கிறதா என்று அணுக்கரு காந்த ஒத்ததிர்வில் (NMR) பாருங்கள். ஆர்கான் ஓட்டம் சுத்தமாக வந்த பிறகு உப்பையும் வாயு சிலிண்டரையும் மாற்றுங்கள்.